பட்டினப்பாக்கத்தில் ஒரு விமானக் கணக்கு

கோடைக் காலத்தில் விடியற்காலையில் பட்டினப்பாக்கம் கடற்கரைக்குச் செல்லும் வழக்கமுடையோர் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். மேல்காற்று வீசும் அவ்வேளையில் ஆகாய விமானங்கள் கடலின் மீதிருந்து வந்து, சுமார் 2000 அடி உயரத்தில் நம் தலைக்கு மேலாகவே மீனம்பாக்கத்தை நோக்கி இறங்கும். பிற்பகலில் கடற்காற்று எழுந்ததும் எல்லாம் தலைகீழாகிவிடும். அதே ஓடுபாதையின் எதிர்முனையிலிருந்து கிளம்பிக் கடலை நோக்கி ஏறும். இத்தனை விமானங்களையும் ஒன்றோடொன்று மோதாமல் யார் கணக்குப் பார்க்கிறார்கள் என்று நாம் யோசித்ததே இல்லை. சென்ற கோடையில்தான் யோசிக்க நேர்ந்தது.

நம்மிடம் படித்து இப்போது எஞ்சினீயரிங் கலாசாலையில் வாசிக்கும் பிள்ளை ஒருவனுக்கு, விமானப் போக்குவரத்தை நடத்துவதற்கான மென்பொருள் எழுதும் கம்பெனி ஒன்றில் இரண்டு மாதப் பயிற்சி கிடைத்தது. அவன் தாயாரோ கவலையே உருவாக நம் வீட்டுக்கு வந்தார். “வாத்தியார் ஸார், இந்தப் பிள்ளை எதையாவது தப்பாக எழுதி, ஆகாயத்தில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது?” என்றார்.

மாணாக்கர் எழுதியது நேரே நிஜ விமானத்தின்மீது ஏவப்படுவதில்லை. முன்பு நடந்த பயணங்களின் பதிவுகளை மறுபடி ஓட்டிப் பார்த்தும், பாவனை ஆகாயத்தில் பாவனை விமானங்களைப் பறக்கவிட்டுமே அவர்கள் வேலை செய்கிறார்கள். ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் சர்வகலாசாலையார் ‘புளூஸ்கை’ என்ற இத்தகைய பாவனை யந்திரத்தை எவரும் எடுத்தாளும்படி இலவசமாகவே வெளியிட்டிருக்கிறார்கள்.

இதில் உள்ள கணக்கு நம் நேயர்களுக்குப் புதிதன்று. எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் எப்போது சந்திக்கும் என்று பள்ளிக்கூடத்தில் போட்ட கணக்கேதான். மணிக்கு 480 கடல் மைல் வேகத்தில் இரு விமானங்கள் எதிரெதிரே வந்தால், இடையே உள்ள 5 கடல் மைல் தூரம் இருபது விநாடிக்குள் தீர்ந்துபோகும். ராடார் பார்வையில் நெடுவழியில் பறக்கும் விமானங்களுக்கிடையே பொதுவாக விடவேண்டிய இடைவெளியே அந்த 5 மைல்தான். இல்லையேல் உயரத்தில் 1000 அடி வித்தியாசம் வேண்டும். ஆகாயத்தில் நூறு விமானங்கள் இருந்தால் இரண்டிரண்டாகச் சோதிக்க வேண்டிய ஜோடிகள் 4950.

கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதை நம் தேசம் அறியும். 1996 நவம்பர் 12-ஆம் தேதி, டில்லிக்கு அருகே சர்க்கி தாத்ரியின் மேல் சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் மாண்டார்கள். 15,000 அடியில் நிற்க வேண்டிய கஜகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கிவிட்டது. அன்று டில்லியிலிருந்த ராடாரோ விமானம் எங்கே இருக்கிறது என்று காட்டுமேயன்றி, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று காட்டாது. அதன் பிறகே உயரத்தையும் சொல்லும் ராடார்கள் வந்தன.

யந்திரம் வந்துவிட்டால் மட்டும் தீர்ந்ததா? 2023 ஆகஸ்ட் 28-ஆம் தேதி இங்கிலாந்தில் ஒரே ஒரு பயணத் திட்டம் முழு ஏற்பாட்டையும் நிறுத்திவிட்டது. வழியில் குறித்திருந்த இரண்டு இடங்களுக்கு ஒரே பெயர். ஒன்று பிரான்ஸிலும் மற்றது அமெரிக்காவிலும் இருந்தன. கம்ப்யூட்டர் திகைத்து நின்றது. அதற்குத் துணையாக வைத்திருந்த கம்ப்யூட்டரும் அதே திட்டத்தைப் பார்த்து அதே மாதிரி நின்றது! ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட பிரயாணிகள் அவதிப்பட்டார்கள். நம் வகுப்பில் இரண்டு ராமசாமிகள் இருந்தால் தகப்பனார் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்துக்கொள்கிறோம் அல்லவா? அந்தச் சிறு விவேகம் விட்டுப்போயிற்று.

இங்கே ஒரு வருத்தத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும். தியாகராய நகர்ப் பக்கம் போனால், மாணாக்கரின் ‘பிராஜெக்ட்’டைப் பணத்துக்குச் செய்து தருவதாக விளம்பரப் பலகைகள் தொங்குகின்றன. பட்டம் வாங்கும் பிள்ளை தன் வேலையைக் கடையில் வாங்குகிறான். இதே ஊரில், 1949-ல் தோன்றிய குரோம்பேட்டை எம். ஐ. டி.யில், அப்துல் கலாம் மாணாக்கராக இருந்தபோது தாழ்வாகப் பறக்கும் போர் விமானத்துக்குத் திட்டம் வரைந்தார். வேலை போதாது என்று கண்ட பேராசிரியர் மூன்றே நாள் தவணை கொடுத்து, தவறினால் உபகாரச் சம்பளம் நின்றுவிடும் என்று எச்சரித்தார். கலாம் ஊணும் உறக்கமும் மறந்து வரைந்து முடித்தார். அது விலைக்குக் கிடைக்கிற சரக்கா?

நம் பிள்ளைக்குக் கிடைத்த வேலை மிகச் சிறியது. திரையில் ஒவ்வொரு விமானத்தின் புள்ளிக்கும் பக்கத்தில் ஒரு சீட்டு இருக்கும். விமானங்கள் நெருங்கும்போது அச்சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மறையாமல் விலக்கி வைக்க வேண்டும். முதலில் அவன் எழுதியபடி சீட்டுகள் வெட்டுக்கிளிகள்போல் இங்குமங்கும் தாவினவாம். அங்கிருந்த பழைய கட்டுப்பாட்டு உத்தியோகஸ்தர் ஒருவர், “தம்பி, சீட்டு ஓடினால் கண் எதைப் படிக்கும்?” என்று கேட்டிருக்கிறார். அவசியமில்லாமல் அசையாதிருக்கக் கற்றுக்கொடுப்பதற்கே ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது.

ஆடி மாதத்தில் மறுபடி அந்த அம்மாளைக் கடற்கரையில் கண்டோம். “வெறும் பெயர்ச் சீட்டு ஒட்டுகிற வேலைதானாம், ஸார்! இப்போதுதான் நிம்மதி” என்றார். அந்தச் சீட்டில் பெயருக்குக் கீழே எழுதியிருப்பது விமானத்தின் உயரம் என்பதை நாம் அவரிடம் சொல்லவில்லை.