துணி உலர்த்தும் இயந்திரம்: எதைப் பார்த்து வாங்குவது?

ஈரத்துணி உலர்வது என்றால் அதிலுள்ள நீர் ஆவியாவது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 0.65 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் வேண்டும். மொட்டைமாடிக் கொடியில் இந்த வெப்பத்தை வெயிலும் காற்றும் செலவில்லாமல் தந்துவிடுகின்றன. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாதங்களில் அது கிடைப்பதில்லை. கொடி கட்ட இடமில்லாத அடுக்குமாடி வீடுகளில் ஆண்டு முழுவதுமே சிரமம். அறைக்குள் காயப்போட்ட துணி நாள்கணக்கில் உலராமல் ஈர வாடை வீசும். அந்த நிலையில்தான் ட்ரையர் தேவைப்படுகிறது.

வாங்கும் முன் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் இரண்டாவது தொட்டியையும் ‘ட்ரையர்’ என்றே சொல்கிறார்கள். அது துணியைச் சுழற்றி நீரைப் பிழிந்து தள்ளுமே தவிர, வெப்பம் தராது. பிழிந்த பிறகும் துணியைக் கொடியில் போட்டாக வேண்டும். உண்மையான ட்ரையர் சூடான காற்றைச் செலுத்தி, துணியை மடித்து வைக்கும் அளவுக்கு உலர்த்தித் தரும்.

மூன்று வகைகள்

முதலாவது, காற்றை வெளியேற்றும் வென்டட் வகை. அறைக் காற்றை ஹீட்டரால் சூடாக்கித் துணிக்குள் செலுத்தி, ஈரக்காற்றைக் குழாய் வழியே வீட்டுக்கு வெளியே அனுப்புகிறது. விலை குறைவு, அமைப்பும் எளிது. ஆனால் சூடாக்கச் செலவான மின்சாரம் முழுவதும் அந்தக் காற்றோடு வெளியே போய்விடுகிறது. ஏசி ஓடும் அறையில் வைத்தால் குளிர்ந்த காற்றையும் சேர்த்து வெளியேற்றும்.

இரண்டாவது, கண்டென்சர் வகை. இதிலும் ஹீட்டர்தான். ஈரக்காற்று உள்ளேயே குளிர்விக்கப்பட்டு, நீர் ஒரு தொட்டியில் சேர்கிறது. வெளியே குழாய் விட வேண்டியதில்லை. மின்செலவு முதல் வகையைப் போலவே இருக்கும். வெப்பம் அறைக்குள் பரவுவதால் புழுக்கம் கூடும்.

மூன்றாவது, ஹீட் பம்ப் வகை. ஏசியிலும் ஃபிரிட்ஜிலும் இருப்பது போன்ற கம்ப்ரஸர் இதில் உண்டு. ஈரக்காற்று குளிர்ந்த சுருளில் பட்டு நீரை இழக்கிறது. அப்போது கிடைக்கும் வெப்பத்தைக் கம்ப்ரஸர் சூடான சுருளுக்குக் கொண்டுசேர்க்க, அதே காற்று மீண்டும் சூடாகித் துணிக்குத் திரும்புகிறது. ஒருமுறை தந்த வெப்பம் மறுபடி மறுபடி பயன்படுவதால் செலவு பாதியாகிறது.

7 கிலோ பருத்தித் துணியில் 60 விழுக்காடு ஈரம் இருந்தால் உலர்த்த வேண்டிய நீர் 4.2 லிட்டர். அதை ஆவியாக்க மட்டும் சுமார் 2.7 யூனிட் வெப்பம் தேவை. ஹீட்டர் வகைகள் வெப்ப இழப்பும் சேர்த்து 4 யூனிட் அளவுக்கு எடுக்கும். ஹீட் பம்ப் 2 யூனிட்டுக்குள் முடித்துவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஓட்டினால் இரண்டு மாதத்தில் 30 முறை. ஹீட்டர் வகைக்கு 120 யூனிட், ஹீட் பம்புக்கு 60 யூனிட். தமிழ்நாட்டில் 2016-இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக்கப்பட்டதோடு ஒப்பிட்டால் இந்த வேறுபாட்டின் அளவு விளங்கும். பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் ஏறுவதால் சேமிப்பின் மதிப்பு இன்னும் அதிகம்.

ஹீட் பம்புக்குக் குறைகளும் உண்டு. விலை அதிகம், உலர்த்தும் நேரம் இரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை ஆகலாம். ஆனால் குறைந்த சூட்டில் உலர்த்துவதால் துணி சுருங்குவதும் நைவதும் குறையும். சுவிட்சர்லாந்து 2012-லேயே ஹீட்டர் வகை ட்ரையர்களின் விற்பனைக்குத் தடைபோட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூலை 1 முதல் புதிதாகச் சந்தைக்கு வரும் வீட்டு ட்ரையர்கள் ஹீட் பம்ப் வகையாகவே இருக்க வேண்டும்.

பிழிதலும் சென்சாரும்

நீரைப் பிழிந்து எடுக்க ஆகும் மின்சாரம், அதை ஆவியாக்க ஆவதில் மிகச் சிறு பங்குதான். நிமிடத்துக்கு 800 சுற்றில் பிழிந்த பருத்தித் துணியில் சுமார் 70 விழுக்காடு ஈரம் எஞ்சும். 1400 சுற்றில் 50 விழுக்காடு. 7 கிலோ துணியில் இது 1.4 லிட்டர் நீர் வேறுபாடு. எனவே ட்ரையரின் செலவு வாஷிங் மெஷினிலேயே தொடங்குகிறது.

அடுத்து பார்க்க வேண்டியது ஈரத்தை அறியும் சென்சார். நேரம் மட்டும் வைக்கும் டைமர் மாடல், துணி உலர்ந்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கும். சென்சார் உள்ளது உலர்ந்ததும் நின்றுவிடும். மின்சாரமும் மிச்சம், துணியும் பிழைக்கும்.

துவைப்பதும் உலர்த்துவதும் ஒன்றாக உள்ள மெஷின் இடத்தைக் குறைக்கும். ஆனால் 8 கிலோ துவைக்கும் மெஷின் ஒரு தடவைக்கு 5 கிலோ அளவே உலர்த்தும். பல மாடல்கள் ஈரக்காற்றைக் குளிர்விக்கக் குழாய் நீரையும் செலவழிக்கின்றன. தண்ணீர்த் தட்டுப்பாடுள்ள ஊரில் இதைக் கேட்டறிந்து வாங்க வேண்டும்.

வைக்கும் இடமும் இணைப்பும்

ஹீட்டர் வகைகள் 2000 வாட்டுக்கு மேல் இழுப்பதால் 16 ஆம்ப் பிளக்கும், தனி லைனும், சரியான எர்த்தும் அவசியம். கண்டென்சர், ஹீட் பம்ப் மாடல்கள் பெரும்பாலும் 5 முதல் 35 டிகிரி வரை உள்ள அறைகளுக்கென்றே வடிவமைக்கப்படுகின்றன. ஆகவே வெயில் கொளுத்தும், சாரல் அடிக்கும் பால்கனி பொருந்தாது. காற்றோட்டமுள்ள அறையே ஏற்றது. வென்டட் வகைக்குப் பிளாஸ்டிக் குழாயைத் தவிர்த்து, குட்டையான உலோகக் குழாயை வளைவில்லாமல் பொருத்துவது பாதுகாப்பு.

நீடித்த உழைப்பு

ட்ரையருக்குப் பெரும் பகை, துணியிலிருந்து உதிரும் பஞ்சுத்தூசி. அது ஃபில்டரை அடைத்தால் காற்று தடைப்பட்டு நேரமும் செலவும் ஏறும். ஹீட்டரில் படிந்தால் தீப்பிடிக்கும். அமெரிக்காவில் 2008 முதல் 2010 வரை ஆண்டுக்குச் சுமார் 2,900 வீட்டு ட்ரையர் தீ விபத்துகள் நேர்ந்ததாக அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் கணக்கிட்டது. முதன்மைக் காரணம், சுத்தம் செய்யாததே. ஆகவே ஃபில்டரைக் கையால் எளிதில் கழற்ற முடிகிறதா, உள்ளிருக்கும் சுருளைத் திறந்து துடைக்க வழி உண்டா என்பதைக் கடையிலேயே பார்த்துவிட வேண்டும். ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, கம்ப்ரஸருக்கும் மோட்டாருக்கும் எத்தனை ஆண்டு வாரண்டி, உதிரிபாகம் கிடைக்குமா என்பவையும் விலைக்கு நிகரான கேள்விகள்.

ஒவ்வொரு முறை ஓட்டிய பின்னும் ஃபில்டரைத் துடைப்பது கட்டாயம். எண்ணெய்க் குளியலுக்குப் பயன்பட்ட துண்டு, எண்ணெய் படிந்த சமையலறைத் துணி ஆகியவற்றை ட்ரையரில் போடக் கூடாது. துவைத்த பிறகும் தங்கும் எண்ணெய், சூடான துணிக் குவியலில் தானாகவே தீப்பற்ற வல்லது. கடைசி நிமிடங்களில் துணியைக் குளிர்விக்கும் கட்டம் முடியும் முன் இயந்திரத்தை நிறுத்துவதும் ஆபத்து.

ஆண்டில் சில நாள் மட்டும் தேவைப்படும் வீட்டுக்கு நல்ல பிழிதலும், மின்விசிறிக்குக் கீழே ஒரு கொடியும் போதும். வாரத்தில் பல தடவை ஓட்ட வேண்டிய குடும்பத்துக்கு ஏற்றது, சென்சாருள்ள ஹீட் பம்ப் மாடலே. முதலில் கொடுக்கும் கூடுதல் விலையை அது மின்கட்டணத்தில் மெல்ல மெல்லத் திருப்பித் தந்துவிடும். வெயில் அடிக்கும் நாளில் மட்டும் துணி கொடிக்கே போகட்டும்.