வாக்ளே எஸ்டேட்டும் கிளவுடும்

தாணேயின் வாக்ளே எஸ்டேட், 1962-இல் அமைந்த, மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் (எம்.ஐ.டி.சி.) முதல் தொழிற்பேட்டை. அங்குள்ள ஒரு நிறுவனம் தன் கணக்குவழக்கை அமேசானின் மும்பை கிளவுடுக்கு மாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கிளவுட் 2016-இல் தொடங்கியது. அலுவலகக் கணினிகளும் கிளவுட் சர்வர்களும் ஒரே கட்டடத்தில் இருப்பதுபோல் பேசிக்கொள்ள வேண்டும்; நடுவில் இருப்பதோ பொது இணையம். அதற்கான ஏற்பாடுதான் சைட்-டு-சைட் விபிஎன்.

அலுவலக ரவுட்டர் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் மறையாக்கி, வேறு முகவரி எழுதிய இன்னோர் உறைக்குள் போட்டு அனுப்பும். வழியில் எட்டிப் பார்ப்பவருக்கு இரு முனைகளின் முகவரி மட்டுமே தெரியும். இந்த வேலையைச் செய்வது ஐபிசெக் என்ற நெறிமுறை. மறையாக்கத்துக்கான சாவியை அது கம்பி வழியே அனுப்புவதே இல்லை. 1976-இல் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்ட கணக்கின்படி, இரு முனைகளும் ஆளுக்கொரு ரகசிய எண்ணை வைத்துக்கொள்கின்றன. அதிலிருந்து கணக்கிட்ட எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டு, ஒரே சாவியை அடைகின்றன. ஒட்டுக்கேட்பவர் அத்தனையையும் கேட்டாலும் சாவி கிடைக்காது. எத்தனை முறை யோசித்தாலும் வியப்பு அடங்காத கணக்கு இது.

ஆனால் ஆளைப் படுத்துவது கணிதமல்ல, முகவரி. 192.168.1 என்று தொடங்கும் வரிசை ஏராளமான ரவுட்டர்களில் பிறவிக்குணம். கிளவுடிலும் அதையே வைத்துவிட்டால் பொட்டலம் வெளியே கிளம்பாது; சர்வரைப் பக்கத்து அறையில் தேடிக்கொண்டிருக்கும். ஆகவே முதல் வேலை, இரு பக்கத்துக்கும் வெவ்வேறு வரிசை ஒதுக்குவது.

இப்படி மறையாக்கிய பாதையைச் சுரங்கம் என்பார்கள்; அமேசான் ஓர் இணைப்புக்கு இரண்டு சுரங்கங்கள் தரும். ஒன்றை மட்டும் அமைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பராமரிப்புக்காக அமேசான் அதை நிறுத்தும் நாளில் அலுவலகமே முடங்கும். இரு முனைகளும் ஒன்றையொன்று அடையாளம் காண முன்கூட்டியே எழுதிவைக்கும் பகிர்வுச் சாவிக்கு 64 எழுத்துவரை இடமிருக்கிறது; நிறுவனத்தின் பெயரையும் ஆண்டையும் சேர்த்து எழுதிவிடக் கூடாது. சாவிப் பரிமாற்றத்துக்கு ஐகேஇ இரண்டாம் பதிப்பு, மறையாக்கத்துக்கு ஏஇஎஸ்-256 ஆகியவற்றை மட்டும் அனுமதித்து, 1,024 பிட் கொண்ட பழைய டிஃபி-ஹெல்மன் குழு 2-ஐ நீக்கிவிடலாம்.

கன்சோலில் பச்சை விளக்கு எரிந்ததும் வேலை முடிந்ததாகத் தோன்றும். ஆனால் சுரங்கம் வைரஸையும் பத்திரமாகவே கொண்டுசேர்க்கும்! எந்தக் கணினி எந்த சர்வரின் எந்தப் போர்ட்டைத் தொடலாம் என்பதை ஃபயர்வாலில்தான் எழுத வேண்டும்.

சின்னப் பக்கங்கள் திறந்து, பெரிய கோப்பு மட்டும் பாதியில் நின்றால் மறையாக்கத்தைச் சந்தேகிக்க வேண்டாம். வழக்கமாக ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு 1,500 பைட். வெளி உறை சேர்ந்ததும் அளவு மீறுகிறது. ஒரு பொட்டலத்தில் போகும் தரவின் உச்ச அளவான எம்எஸ்எஸ்ஸை 1,400-க்குக் கீழே இறக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கடைசியாகச் சட்டம். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் இட்ட உத்தரவு, விபிஎன் சேவை விற்பவர்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டு வைத்திருக்கச் சொல்கிறது. நிறுவனங்களின் சொந்த விபிஎன்னுக்கு அது பொருந்தாது. கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருப்பது மட்டும் அவற்றுக்கும் கட்டாயம்.