மூன்று துளி நீர்

பௌத்த நூலான விமுத்திமக்கம் முழுமையாக எஞ்சியது 6ஆம் நூற்றாண்டுச் சீன மொழிபெயர்ப்பில்தான். அதை விசுத்திமக்கம் என்ற பாலி நூலோடு ஒப்பிட்டு, 1937இல் புனேயில் நூல் வெளியிட்டார் ஃபெர்குசன் கல்லூரிப் பாலி ஆசிரியர் பி. வி. பாபட்.

அப்படியொரு மொழிபெயர்ப்பைப் படிக்க, ஆயிரக்கணக்கான சீன எழுத்துகளை எப்படி அடையாளம் காண்பது? எழுத்துக்குள் இருக்கும் உறுப்பைப் பிடித்துத்தான். 1716இல் முடிந்த காங்சி அகராதி, எல்லா எழுத்துகளையும் 214 உறுப்புகளின்கீழ் அடுக்கியது. இடப்பக்கம் மேலும் கீழுமாக மூன்று சொட்டுகள் தெரிந்தால், நீர் சம்பந்தப்பட்டது: ஆறு, ஏரி, கடல். மீதிப் பகுதி பெரும்பாலும் ஒலிக்குத் துப்பு. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடாதீர்கள். பௌத்த நூல்களில் ‘தருமம்’ என்பதற்கு வரும் எழுத்திலும் அதே மூன்று சொட்டுகள் உண்டு!