புது வண்டி ஏன் நிற்கின்றது?

புதிதாக வாங்கிய மோட்டார் வண்டி வழியில் நின்றுவிடுமானால், அதனால் உண்டாகும் மனவருத்தம், பழைய வண்டி நிற்பதால் உண்டாவதைவிடப் பெரிது. பழையது நிற்கக்கூடும் என்று நாம் முன்பே எதிர்பார்த்திருப்போம். புதியதன்மீது அத்தகைய ஐயம் நமக்கு எழுவதில்லை. அதிலும், அரைமணி நேரம் கழித்து அவ்வண்டி ஒன்றும் நடவாததுபோல் கிளம்பிவிட்டால், வருத்தத்தோடு குழப்பமும் சேர்ந்துகொள்கின்றது. பணிமனைக்குக் கொண்டுசென்றால், ‘கோளாறு ஏதும் காணப்படவில்லை’ என்று எழுதித் தருகின்றார்கள். மறுவாரம் வண்டி மீண்டும் நிற்கின்றது. இந்நிலையில் வண்டிக்கு உரியவர் செய்யத்தக்கது யாது என்பதைப் பற்றி இங்கே சிறிது ஆராய்வோம்.

நாம் வாழும் ஏலப்பாறை, கேரளத்து இடுக்கி மாவட்டத்தில், பீர்மேட்டுப் பகுதியின் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த ஊர். கோட்டயத்திலிருந்து குமுளி செல்லும் நெடுஞ்சாலையில் முண்டக்கயத்தைக் கடந்தபின் மலையேற்றம் தொடங்குகின்றது. பெருவந்தானம், முறிஞ்சபுழா, வளஞ்ஞாங்கானம் அருவி என்று வளைந்து வளைந்து ஏறி, குட்டிக்கானத்தை அடைந்து, அங்கிருந்து கட்டப்பனைச் சாலையில் திரும்பினால் ஏலப்பாறை வரும். மழைக்காலத்தில் பகலிலும் விளக்கேற்றிக்கொண்டுதான் வண்டி ஓட்ட வேண்டும். பெரிய மருத்துவமனைக்குச் செல்வதாயினும், பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்ப்பதாயினும் இம்மலையை இறங்கியே ஆகவேண்டும். இத்தகைய ஊரில் வண்டியை ஆடம்பரப் பொருளாகக் கருதுவோர் எவரும் இலர். இரவு நேரத்தில் அதுவே நோயாளியைச் சுமக்கும் வாகனமுமாகின்றது.

நமது வண்டி வாங்கி ஏழு மாதமே ஆகியிருந்தது. ஆடி மாத மழையில் ஒருநாள், கோட்டயம் சென்று திரும்பும் வழியில் குட்டிக்கானத்தில் தேநீர் அருந்த நிறுத்தினோம். பின்னர் கிளம்பிச் சிறிது தொலைவு வந்ததும், விளக்கை அணைத்தாற்போல் இயந்திரம் நின்றுவிட்டது. அரைமணி நேரம் காத்திருந்தபின் உடனே கிளம்பிற்று. அடுத்த இரண்டு மாதங்களில் மேலும் இருமுறை இவ்வாறே நிகழ்ந்தது. ஒவ்வொரு முறையும் வண்டியைக் கீழேயுள்ள பணிமனையில் விட்டு வந்தோம். ஒவ்வொரு முறையும் அவர்கள் மறுநாள் காலையில் அதை ஓட்டிப் பார்த்துக் குறையொன்றும் இல்லை என்றார்கள்.

நான்காம் முறை நிகழ்ந்ததே நம்மை உலுக்கிவிட்டது. அன்று மாலைதான் மலையேறி வந்திருந்தோம். பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பெரியவர் ஒருவருக்கு நெஞ்சுவலி என்று ஆள் வந்தது. வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்தி, அவரைத் தாங்கி வந்து ஏற்றுவதற்குப் பத்து நிமிடம் ஆயிற்று. ஏற்றிக்கொண்டு இரண்டு வளைவுகள் கடப்பதற்குள் வண்டி நின்றுவிட்டது. பின்னால் வந்த ஜீப்காரர் ஒருவர் அவரைத் தம் வண்டிக்கு மாற்றிக்கொண்டு விரைந்தார். பெரியவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த ஜீப் அவ்வேளையில் வாராதிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற எண்ணம் அன்றிரவு நம்மை உறங்க விடவில்லை. மறுநாள் காலை ஒரு பள்ளிக் குறிப்பேட்டை வாங்கி, நான்கு நிகழ்ச்சிகளையும் நினைவுபடுத்தி எழுதினோம். எழுதி முடித்ததும் ஓர் உண்மை தானே புலப்பட்டது. நான்கு முறையும், மலையேறிச் சூடேறிய இயந்திரத்தைச் சிறிது நேரம் நிறுத்தி, மீண்டும் கிளப்பிய பிறகே வண்டி நின்றிருந்தது. பணிமனையிலோ, ஒவ்வொரு முறையும் இரவெல்லாம் ஆறிக்கிடந்த வண்டியையே சோதித்திருந்தார்கள்.

இதன் காரணத்தை அறிய, இக்காலத்து வண்டியின் அமைப்பைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். அம்பாசடர் வண்டி ஓடிய காலத்தில் பெட்ரோலைக் காற்றோடு கலக்கக் கார்புரேட்டரும், தீப்பொறியை முறைப்படுத்த டிஸ்டிரிபியூட்டரும் இருந்தன. அவை பெரும்பாலும் படிப்படியாகவே தேய்ந்தன. கண்ணால் கண்டு கையால் திருத்தவும் இயன்றது. இன்று அவ்வேலைகளை ஒரு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கின்றது. அதற்குக் கண்ணும் காதும்போல் விளங்குபவை சென்சார் எனப்படும் உணர்கருவிகள். அவற்றுள் ஒன்று, கிராங்க் ஷாப்ட் எனப்படும் சுழல்தண்டு எந்நிலையில் சுழல்கின்றது என்பதை அறிவிப்பது. அவ்வறிவிப்பு நின்றுவிட்டால், எப்பொழுது எரிபொருளைத் தெளிப்பது என்று பெட்டிக்குத் தெரியாது. இயந்திரம் அக்கணமே நிற்கும். அக்கருவியினுள் உள்ள மெல்லிய கம்பியிலோ இணைப்பிலோ மயிரிழைபோன்ற பிளவு இருக்குமாயின், சூட்டில் அது விலகும். ஆறியபின் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். ஓடும் இயந்திரத்தைக் குளிர்நீர் சுற்றி வந்து ஆற்றுகின்றது. நிறுத்தியவுடன் அந்நீரோட்டமும் நிற்பதால், முதற்சில நிமிடங்களில் இயந்திரத்தைச் சுற்றியுள்ள உறுப்புகளின் சூடு மேலும் ஏறுகின்றது. தேநீர்க் கடையில் நாம் இளைப்பாறிய நேரத்தில் நம் வண்டியில் நிகழ்ந்தது இதுவேயாகும்.

குறிப்பேட்டைக் கண்ட பணிமனைத் தொழிலாளி ஒருவர், சோதனைக் கருவியை இணைத்துக்கொண்டு நம்முடன் மலையேற இசைந்தார். குட்டிக்கானத்தில் நிறுத்தித் தேநீர் அருந்திக் கிளம்பினோம். வண்டி நின்ற கணத்தில், இயந்திரத்தின் சுழற்சியைக் காட்டும் எண் கருவியில் சட்டென்று சுழியமாயிற்று. சாவியைத் திருப்பி இயந்திரத்தைச் சுழலச் செய்தபோதும் அவ்வெண் அசையவில்லை. சிறியதோர் உணர்கருவி, உத்தரவாதத்தின் பேரில் இலவசமாகவே மாற்றப்பட்டது. அதன்பின் வண்டி அவ்வாறு நின்றதில்லை.

எல்லா வண்டிகளுக்கும் இதுவே காரணம் என்று கருதிவிடலாகாது. மலைநாட்டில் வேறு காரணங்களும் உண்டு. தோட்டங்களுக்கு அருகே நிறுத்திய வண்டிகளில் இயந்திரத்தின் சூட்டை நாடி எலிகள் புகுந்து, மின்கம்பிகளின் உறையைக் கடிக்கின்றன. கம்பி முழுதும் அறுபடாமல் உறை மட்டும் போயிருந்தால், மழையில் நனையும்போதும் குலுங்கும்போதும் மட்டும் கோளாறு தோன்றும். மூடுபனிக்காகத் தனியாகப் பொருத்தும் விளக்குகளுக்கு, வண்டியின் மூலக் கம்பியை வெட்டி மின்சாரம் எடுப்பதும் இத்தகைய தொல்லைக்கு வாயில். உத்தரவாதத்தையும் அது கெடுக்கக்கூடும்.

எரிபொருளையும் நோக்க வேண்டும். 2025-ஆம் ஆண்டளவில் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்புடையது. மழைநீர் கசிந்து அளவு மிகுமாயின், நீரும் எத்தனாலும் ஒன்றாகப் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். பம்பு உறிஞ்சுவதும் அடியிலிருந்தே அன்றோ? இனி, தொட்டியில் எரிபொருள் மிகக் குறைவாக இருக்கும்பொழுது செங்குத்தான வளைவில் ஏறினால், இருக்கும் பெட்ரோலும் ஒருபுறம் ஒதுங்கி, பம்பு காற்றை உறிஞ்சக்கூடும். ஆதலால் மலையேறுமுன் பாதித் தொட்டியாவது நிரப்பிக்கொள்வது நல்லது.

டீசல் வண்டிகளுக்கு மற்றொரு தொல்லை உண்டு. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் ஆறு விதிகளுக்கு ஏற்ப, புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று பொருத்தப்படுகின்றது. சேர்ந்த கரியை அவ்வப்போது 600 பாகை செல்சியஸ் அளவுச் சூட்டில் வண்டி தானே எரித்துக்கொள்ளும். அதற்குச் சிறிது நேரம் தடையின்றிச் சீரான வேகத்தில் ஓட வேண்டும். ஏலப்பாறையிலிருந்து பக்கத்துத் தோட்டம்வரை மெல்லச் சென்று திரும்பும் வண்டிக்கு அவ்வாய்ப்பு ஏது? கரி மிகுந்து, எச்சரிக்கை விளக்கு எரிந்து, இறுதியில் வண்டி தன் ஆற்றலைத் தானே குறைத்துக்கொள்கின்றது. அதையே கீழ்நாட்டுப் பணிமனையில் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தால், ஓட்டத்திலேயே கரி எரிந்து வண்டி நலமாகிவிடலாம். ‘குறையில்லை’ என்று அவர்கள் கூறுவதும் அப்பொழுது பொய்யன்று. ‘நின்றது’ என்று நாம் கூறுவதும் பொய்யன்று. இருவரும் வெவ்வேறு நிலையில் உள்ள வண்டியைக் கண்டிருக்கின்றோம்.

ஆகவே, நின்ற கணத்தின் நிலையைப் பதிவு செய்வதே நம் முதற்கடமை. நாள், நேரம், இடம், ஏற்றமா, இறக்கமா, கிளம்பி எவ்வளவு நேரம் ஓடியது, இடையில் நிறுத்தினோமா, எரிபொருள் எவ்வளவு, எங்கே நிரப்பியது, மழையா, வெயிலா, விளக்கு, துடைப்பான், குளிர்சாதனம் இவற்றுள் எவை இயங்கின, எந்த எச்சரிக்கை விளக்கு எரிந்தது, எவ்வளவு நேரம் கழித்துக் கிளம்பியது, இவற்றை எழுதுக. விளக்குகளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்க. நின்ற விதத்தையும் மறவாமல் எழுதுக. விளக்கை அணைத்தாற்போல் சட்டென்று நின்றால், பெரும்பாலும் மின்சாரத்தின்மீது ஐயம் கொள்ளலாம். விக்கித் திணறி நின்றால், எரிபொருளின்மீது ஐயம் கொள்ளலாம்.

வண்டியும் தன் குறிப்பை எழுதுகின்றது. கோளாறு நேரும்போது, அதற்குரிய குறியீட்டு எண்ணையும், அக்கணத்து வேகம், சூடு முதலியவற்றையும் கட்டுப்பாட்டுப் பெட்டி பல வேளைகளில் பதித்து வைக்கின்றது. ஓட்டுநரின் முழங்காலுக்கு அருகேயுள்ள இணைப்புத் துளையில் கருவியைச் செருகி அதைப் படிக்கலாம். நல்லெண்ணத்துடன் உதவ வருவோர், ‘பாட்டரிக் கம்பியைப் பத்து நிமிடம் கழற்றி மாட்டுங்கள், சரியாகிவிடும்’ என்பார்கள். அதனால் வண்டி கிளம்பினும் கிளம்பலாம். ஆனால் பதிவு அழிந்துபோகக்கூடும். படித்து எழுதிக்கொள்ளுமுன் அழிக்க இடங்கொடுத்தல் கூடாது.

மலைச்சாலையில் வண்டி நின்றால் முதலில் உயிரைக் காத்துக்கொள்ள வேண்டும். இயந்திரம் நின்றவுடன் திருப்புச்சக்கரம் கனக்கும். தடையும் ஓரிரு அழுத்தங்களுக்குப்பின் கடினமாகும். ஆதலால் தடையை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்தி, ஓரத்தில் நிறுத்துக. வண்டி உருளும்போது சாவியைக் கழற்றலாகாது; திருப்புச்சக்கரம் பூட்டிக்கொள்ளும். நின்றபின் கைத்தடையை இழுத்து, கியரில் இருத்தி, சக்கரத்திற்குக் கல் வைத்து, எச்சரிக்கை முக்கோணத்தை வளைவுக்கு அப்பாலேயே தெரியும்படி வைக்க வேண்டும். பயணிகளைச் சாலையின் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்துக.

இத்தனைக்குப் பிறகும் குறை நீங்காவிடில் என் செய்வது? அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1982-ஆம் ஆண்டிலேயே, திரும்பத் திரும்பப் பழுதாகும் புது வண்டிகளுக்கென்று தனிச் சட்டம் இயற்றப்பட்டது. நம் நாட்டில் அத்தகைய தனிச் சட்டம் இல்லை. எனினும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் துணை நிற்கின்றது. வண்டியை எங்கே வாங்கியிருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். முறையீட்டுக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்தல் வேண்டும். 1915 என்ற தொலைபேசி எண்ணில் வழிகாட்டுதலும் பெறலாம்.

ஆனால் ஒன்றை நினைவிற்கொள்க. உத்தரவாதம் என்பது குறையுள்ள உறுப்பைத் திருத்தவோ மாற்றவோ தரப்பட்ட வாக்குறுதியே. முழு வண்டியையும் மாற்றித் தரும் கடமை அதனால் எழாது என்று 2006-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. 2010-ஆம் ஆண்டின் மற்றொரு வழக்கில், வண்டியில் உற்பத்திக் குறை உண்டா என்பதைச் சார்பற்ற தொழில்நுட்ப வல்லுநர் ஒருவரைக் கொண்டு ஆராயும்படி அந்நீதிமன்றம் பணித்தது. இவற்றால் அறியத்தக்கது யாதெனில், நம் சினமும் துயரமும் சான்றாகா. ஒவ்வொரு முறையும் நாம் கூறிய குறை, நம் சொற்களிலேயே பணிச்சீட்டில் எழுதப்பட வேண்டும். ‘பொதுப் பரிசோதனை’ என்று எழுதிய சீட்டில் கையொப்பமிடலாகாது. ‘கோளாறு காணப்படவில்லை’ என்று எழுதிய சீட்டையும் பத்திரப்படுத்துக. நாம் எத்தனை முறை சென்றோம் என்பதற்கு அதுவே சாட்சி.

காரணம் தெரியாத கோளாறு உண்டு; காரணமே இல்லாத கோளாறு இல்லை. அக்காரணம் வெளிப்படும் நேரத்தில் பணிமனைத் தொழிலாளி அருகில் இருப்பதில்லை; நாம் இருக்கின்றோம். எனவே அவருக்குக் கண்ணாக இருக்க வேண்டியவர் நாமே. நம் வண்டியில் இன்றும் அக்குறிப்பேடு இருக்கின்றது. அதன் பின்பக்கத்தில், அன்று உதவிய ஜீப்காரரின் தொலைபேசி எண்ணையும் எழுதி வைத்திருக்கின்றோம். மலையில் வாழ்வோருக்கு அதுவும் தேவைப்படும் அன்றோ?