வேடிக்கை பார்த்தது போதும், அம்மிணி!

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து பதினோரு வருஷமாச்சு. மாரியாத்தா நோம்பிக்கு வெளியூர்க் குழு வந்து வள்ளி கும்மி ஆடும். இடுப்பில் குழந்தையோடு ஓரமாக நின்று பார்ப்பேன். ஆடுகிறவர்கள் வேறு, பார்க்கிறவர்கள் வேறு என்றுதான் நினைத்திருந்தேன்.

போன தை மாதம் ஒரு வாத்தியார் வந்தார். "கும்மி சொல்லித் தாரனுங்க. சாயங்காலம் கோயில் மைதானத்துக்கு வந்தாப் போதும். வயசு ஒரு தடையில்லீங்க" என்றார்.

எனக்கோ ஆசை, கேட்கத்தான் பயம். சின்னவளுக்கு ஒன்றரை வயசு. ராத்திரிச் சமையல் வேறு. மெள்ள அத்தையிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் அவர் பேசவேயில்லை.

"எங்க காலத்துல ஆம்பளைங்கதான் ஆடுவாங்க. திண்ணையில உக்காந்து கேட்டே பாட்டெல்லாம் எனக்குப் பாடமாயிடுச்சு. நீ போ கண்ணு, புள்ளையை நான் பார்த்துக்கறேன்" என்றார்.

நிஜம்தான். வள்ளி ஒயில் கும்மி வெகுகாலம் ஆண்கள் கலையாகவே இருந்தது. பெண்களுக்கும் கற்றுக் கொடுத்து அந்த வழக்கத்தை மாற்றியவர், மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்திரப்பன் ஐயா. 2024-ல், தமது 87-வது வயதில், பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்வானார்.

கதை நமக்குத் தெரிந்ததுதான். தினைப்புனம் காக்கும் வள்ளியைத் தேடி முருகன் வேடனாக, கிழவனாக வருவது, யானையைக் கண்டு அவள் மிரள்வது, முடிவில் கல்யாணம். வாத்தியார் ஓர் அடி பாட, வட்டமாக நிற்கும் நாங்கள் அதைத் திருப்பிப் பாடி, குனிந்து நிமிர்ந்து கைதட்டி ஆட வேண்டும். முதல் வாரம் கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்!

நீங்களும் பழகப் போகிறீர்களா? வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஆடாதீர்கள். பிரசவமாகிச் சில மாதங்களே ஆனவர்களும், முழங்கால் வலி, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டுக் கொள்வது நல்லது.

அரங்கேற்றத்தன்று ஊரே கூடியிருந்தது. நடுவில் எனக்கு ஓர் அடி மறந்துவிட்டது. திகைத்து ஓரமாகப் பார்த்தேன். குழந்தையை மடியில் வைத்தபடி அத்தையின் உதடுகள் அந்த அடியைச் சொல்லிக் கொண்டிருந்தன! பிடித்துக் கொண்டேன்.

கல்யாணப் பாட்டு வந்ததும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "சாமி, புள்ளையைப் புடி" என்று என் கணவரிடம் கொடுத்துவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு வட்டத்துக்குள் வந்துவிட்டார். பின்னாலேயே இன்னும் நாலைந்து பாட்டிமார்கள்!

இரண்டு நாள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக் கொண்டிருந்தார் அத்தை. மூன்றாம் நாள் காலையில் கேட்டார்: "ஏம்மிணி, அடுத்த அரங்கேற்றம் எப்பவாம்?"