பழைய வண்டியின் பிளாஸ்டிக் பாகங்களை வீட்டிலேயே வார்த்தெடுத்தல்

பழைய காரையோ ஸ்கூட்டரையோ மீட்டெடுக்கும் வேலை கடைசிக் கட்டத்தில் முடங்கிப்போவது பெரும்பாலும் எஞ்சினால் அல்ல, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் துண்டால். கோயம்புத்தூரில் சிலிண்டரைப் போரிங் செய்யலாம், தேய்ந்த ஷாஃப்டை லேத்தில் கடைந்து வாங்கலாம், உடைந்த அலுமினிய மூடியைக் கணபதியிலோ பீளமேட்டிலோ ஒரு பவுண்டரியில் கொடுத்து வார்த்துக்கொள்ளலாம். டேஷ்போர்டு சுவிட்சின் குமிழ், இண்டிகேட்டர் மூடி, கதவுக் கண்ணாடியை ஏற்றும் கைப்பிடியின் நுனி, கியர் கம்பியின் உருண்டை போன்றவை உடைந்தால் மட்டும் உக்கடம் பழைய சாமான் கடைகளிலும் சென்னை புதுப்பேட்டையிலும் தேடி அலைய வேண்டியிருக்கிறது. அங்கே கிடைப்பதும் பல நேரங்களில் அதே இடத்தில் விரிசல் விட்டதாகவே இருக்கும்.

இந்தத் தட்டுப்பாட்டுக்குக் காரணம் உற்பத்தி முறைதான். தொழிற்சாலையில் இத்தகைய பாகங்கள் இன்ஜெக்சன் மோல்டிங்கில் வந்தவை. எஃகைக் குடைந்து செய்த டைக்குள் உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தத்துடன் செலுத்தி எடுக்கும் முறை அது. ஒரு டைக்கு லட்சக்கணக்கில் செலவாகும் என்பதால், ஆயிரக்கணக்கில் உருப்படி எடுத்தால்தான் கட்டுப்படியாகும். மைசூரில் ஜாவா, யெஸ்டி தயாரிப்பு 1996-இல் நின்றது. பிரீமியர் பத்மினி 2000-ஐ ஒட்டி முடிந்தது. அம்பாசிடர் 2014 மே மாதம் நின்றது. தயாரிப்பு நின்றபின் டைகளைக் காப்பதில் யாருக்கும் ஆதாயமில்லை. ஊருக்குப் பத்துப் பேருக்கு மட்டும் தேவைப்படும் ஒரு குமிழுக்காகப் புதிய டை வெட்ட எந்த நிறுவனமும் முன்வராது.

பிளாஸ்டிக் தானாகவே கெடுவதற்கும் காரணங்கள் உண்டு. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கின்றன. நெகிழ்வுக்காகச் சேர்த்த எண்ணெய்ப் பொருள்கள் ஆண்டுக்கணக்கில் மெல்ல வெளியேறுவதால் பாகம் மொறுமொறுப்பாகிவிடுகிறது. பழைய ஸ்டீயரிங் வளையங்களில் விழும் விரிசலுக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. உள்ளே இருப்பது இரும்பு வளையம், மேலே பிளாஸ்டிக் உறை. வெப்பத்தில் இரும்பைவிடப் பிளாஸ்டிக் பல மடங்கு விரியும், குளிரில் அதே அளவுக்குச் சுருங்கும். பகல் வெயிலும் இரவுக் குளிருமாக இந்த இழுபறி பல்லாயிரம் முறை நடந்தபின் உறை வெடிக்கிறது. இதற்குப் புது வளையம் வார்க்க வேண்டியதில்லை. விரிசலை ஆங்கில வி எழுத்தின் வடிவில் அகலமாக அரவி, எபாக்சி பட்டியால் நிரப்பி, இறுகியபின் எமரித் தாளால் தேய்த்து, பிரைமரும் வண்ணமும் அடித்தால் போதும்.

முழுப் பாகமே தேவைப்படும்போது வீட்டில் செய்யத் தகுந்த முறை, சிலிக்கோன் அச்சில் பாலியூரித்தேன் பிசினை ஊற்றி வார்ப்பது. வெப்பமும் வேண்டாம், அழுத்தமும் வேண்டாம். கொங்கு நாட்டில் இந்த முறை எளிதாகப் பிடிபடும் என்று சொல்லத் தக்க காரணம் இருக்கிறது. பவுண்டரிக்குப் பேட்டர்ன் செய்பவர் மரத்தைத் தொடும் முன்பே மூன்றை யோசித்துவிடுவார்: அச்சு எந்தக் கோட்டில் இரண்டாகப் பிரியும், பேட்டர்ன் மணலைக் கலைக்காமல் வெளியே வர எவ்வளவு சாய்வு தேவை, உலோகம் ஆறும்போது எவ்வளவு சுருங்கும். வார்ப்பிரும்பு நூற்றில் ஏறக்குறைய ஒரு பங்கு சுருங்கும் என்பதால், அந்த அளவுக்குக் கூட்டிப் பிரித்த தனி அளவுகோலை அவர் வைத்திருப்பார். சிலிக்கோன் வளைந்துகொடுக்கும், ஆகவே சாய்வைப் பற்றிய கவலை பெரும்பாலும் இல்லை. பாலியூரித்தேனின் சுருக்கமும் மிகக் குறைவு, சிறு குமிழ்களில் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. பிரிகோடு ஒன்றுதான் அப்படியே மிஞ்சுகிறது. அதைக் கண்ணுக்குத் தெரியாத விளிம்பில் வைப்பதில்தான் கைத்திறன் இருக்கிறது.

முதல் வேலை, உடைந்த மூலப் பாகத்தை ஒட்டிச் சீராக்குவது. இழந்த மூலையைப் பட்டியால் கட்டி, தேய்த்து, மெருகேற்ற வேண்டும். சிலிக்கோன் கைரேகையைக்கூடப் பதிவு செய்யும் என்பதால் மூலத்தில் விட்டுவைத்த கீறல் எல்லா நகலிலும் வரும். சரியான வடிவம் எது என்ற ஐயம் எழுந்தால் அதே மாடல் வண்டியைப் பார்ப்பதே நல்லது. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்துடன் தொழில் தொடங்கிய ஜி.டி. நாயுடுவின் நினைவைத் தாங்கி, அவிநாசி சாலையில் 2015 முதல் இயங்கும் ஜிடி கார் அருங்காட்சியகம் அப்படிப் பார்த்து ஒப்பிட உதவும் இடங்களில் ஒன்று.

அடுத்தது அச்சு. ஒட்டுப்பலகைத் துண்டுகளால் பெட்டி கட்டி, கந்தகம் கலக்காத மாடலிங் களிமண்ணில் பாகத்தைப் பிரிகோடு வரை புதைக்க வேண்டும். களிமண்ணில் அங்கங்கே சிறு குழிகள் இட்டால் பின்னர் இரு பாதிகளும் இடம் மாறாமல் பொருந்தும். இட்லி மாவுப் பதத்தில் இருக்கும் சிலிக்கோனைப் பெட்டியின் ஒரு மூலையில், உயரத்திலிருந்து மெல்லிய நூலாக ஊற்றினால் காற்றுக்குமிழிகள் வழியிலேயே உடைந்துவிடும். இறுகியபின் திருப்பிப் போட்டுக் களிமண்ணை நீக்கி, முதல் பாதியின் மேல் வாசலினை மெல்லிதாகத் தடவி, அடுத்த பாதியை ஊற்ற வேண்டும். தடவ மறந்தால் சிலிக்கோனோடு சிலிக்கோன் ஒட்டிக்கொள்ளும், அச்சைக் கத்தியால் அறுத்துத்தான் பாகத்தை எடுக்க வேண்டியிருக்கும். சிலிக்கோனில் பிளாட்டினம் வகை, தகர வகை என இரண்டு உண்டு. பிளாட்டினம் வகை நுணுக்கத்தில் உயர்ந்தது, ஆனால் கந்தகமோ ரப்பர் கையுறையோ பட்டால் இறுகாமல் பிசுபிசுத்து நின்றுவிடும். தொடங்குபவர்களுக்குத் தகர வகையே ஏற்றது. ஓர் அச்சில் 20 முதல் 50 வரை உருப்படி எடுக்கலாம்.

பாலியூரித்தேன் இரண்டு திரவங்களாக வரும். பலவற்றில் இரண்டும் சம அளவு. கலந்த சில நிமிடங்களில் இறுகத் தொடங்கும், அரை மணி முதல் ஒரு மணிக்குள் பாகத்தை எடுத்துவிடலாம். பிசின் ஊற்ற ஒரு வழியும் காற்று வெளியேற அச்சின் மிக உயர்ந்த இடங்களில் மெல்லிய வழிகளும் வேண்டும். பவுண்டரியில் ரைசர் வைப்பதன் இலக்கணம் இங்கும் பொருந்தும். பிசினின் பெரிய எதிரி ஈரம். காற்றின் ஈரப்பதத்தோடு வினைபுரிந்து கரியமில வாயுவை வெளியிடுவதால் வார்ப்பு நுரைத்துவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரக்காற்று வீசும் ஜூன், ஜூலையிலும், ஐப்பசி கார்த்திகை மழையிலும் திறந்த டப்பாவில் மீந்த பிசினை நம்ப முடியாது. மாசி, பங்குனியின் உலர்ந்த நாள்களே இவ்வேலைக்குத் தோதானவை.

மூலப் பாகமே இல்லாதபோது முப்பரிமாண அச்சு இயந்திரம் கைகொடுக்கும். வெர்னியரால் அளவெடுத்து, கணினியில் வரைந்து, அச்சிட்டுக்கொள்ளலாம். இதில் பலர் இடறுவது பொருள் தேர்வில்தான். மலிவாகக் கிடைக்கும் பிஎல்ஏ இழை 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் மென்மையாகிவிடும். கண்ணாடிகள் மூடி வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு எளிதில் அந்தச் சூட்டைத் தாண்டும். பிஎல்ஏயில் அச்சிட்டதைத் தேய்த்து மெருகேற்றி, சிலிக்கோன் அச்சுக்கு மூலமாக மட்டும் வைத்துக்கொள்வதே அறிவு. நேரடியாக வண்டியில் மாட்டுவதாக இருந்தால் 100 டிகிரி வரை தாங்கும் ஏபிஎஸ், அல்லது வெயிலையும் தாங்கும் ஏஎஸ்ஏ வேண்டும்.

பெரிய தகடு போன்ற பாகங்களுக்குப் பைபர் வேலைதான் ஏற்றது. கண்ணாடி இழைப் பாயைப் பாலியெஸ்டர் பிசினில் நனைத்து அச்சின்மேல் படலம் படலமாகப் படியவைக்கும் இக்கலை, கரூரில் பேருந்துக் கூடு கட்டும் பட்டறைகளில் அன்றாடம் நடக்கிறது. பிசினை இறுக்கும் கேட்டலிஸ்ட் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு போதும். அதையும் வேகமூட்டியான கோபால்ட் கரைசலையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது, தீப்பற்றி வெடிக்கும். பாலியூரித்தேனில் உள்ள ஐசோசயனேட்டின் ஆவி ஆஸ்துமாவை உண்டாக்க வல்லது. வீட்டில் வேலை என்பது சமையலறையில் வேலை என்று பொருளாகாது. காற்றோட்டமான திண்ணையோ மொட்டை மாடியோ வேண்டும். கரிம ஆவியை வடிக்கும் முகமூடியும் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சாதாரணத் துணி முகமூடி ஆவியைத் தடுக்காது.

எதை வீட்டில் செய்யக் கூடாது என்பதிலும் தயக்கத்துக்கு இடமில்லை. பிரேக் தொடர்பான எதுவும் கூடாது. பெட்ரோல் படும் டேப், கார்புரேட்டர் மிதவை போன்றவை கூடாது, பல வார்ப்புப் பிசின்கள் எரிபொருளில் ஊறி உப்பிவிடும். உயர் மின்னழுத்தம் பாயும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும் கூடாது. பின்விளக்கின் சிவப்பு மூடியை வார்க்க முடியும் என்றாலும், பின்னால் வரும் வண்டியின் ஒளியைத் திருப்பி அனுப்பும் நுண் பட்டைகள் நகலில் சிதைந்தால் இரவில் வண்டி தெரியாது. தனியாக ஒரு தரமான ரிஃப்ளெக்டரைப் பொருத்தாமல் சாலைக்குப் போவது ஆபத்து.

2021 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த விதிகளின்படி, 50 ஆண்டைக் கடந்த, வணிகப் பயன்பாட்டில் இல்லாத இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளைப் பாரம்பரிய வாகனமாகப் பதியலாம். பதிவெண்ணில் விஏ என்ற எழுத்துகள் இடம்பெறும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுகளுக்குச் செல்லும். வண்டி மூல வடிவிலேயே இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, எஞ்சினில் பெருத்த மாற்றம் கூடாது என்பது நிபந்தனை. சந்தையில் கிடைத்த வேறொரு குமிழை ஒப்பேற்றி மாட்டுவதைவிட மூலத்தின் அச்சில் வார்த்ததை மாட்டுவதே இந்த விதியின் நோக்கத்துக்கும் உகந்தது.

இவை எல்லாவற்றுக்கும் உடைந்ததாவது ஒரு மூலம் வேண்டும். பழைய வண்டிகளைக் கழிவுக்குப் போடும் வேகம் கூடிவரும் இந்த ஆண்டுகளில், இரும்பை எடைக்குப் போடும்போது முதலில் நொறுக்கி எறியப்படுவது பிளாஸ்டிக்தான். வண்டியை உடைக்கக் கொடுப்பவர்கள் அதற்கு முன் குமிழ்களையும் மூடிகளையும் கைப்பிடிகளையும் கழற்றி, எந்த வண்டி, எந்த ஆண்டு என்று எழுதி ஒரு பையில் போட்டு வைக்க வேண்டும். அச்சு செய்து முடித்தவர்களும் அதைப் பரணில் பூட்டி வைக்காமல், அதே வண்டியை வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் வார்த்துக் கொடுக்க வேண்டும்.