செனட் சபையும் மாணவரும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தலைநகராகிய வாஷிங்டனில் ஆண்டுதோறும் வேனிற்காலத் தொடக்கத்தில் 104 மாணவ மாணவியர் வந்து கூடுவர். உயர்நிலைப் பள்ளியின் இறுதி இரண்டு வகுப்புக்களில் பயில்வோர் அவர்கள். மாளிகைகளையும் நினைவுச் சின்னங்களையும் கண்டு களித்துத் திரும்புவது மட்டும் அவர்தம் நோக்கமன்று. நாட்டின் ஆட்சி எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை அருகிலிருந்து அறிவதற்காகவே அவர்கள் அழைக்கப்படுகின்றனர். இத்திட்டத்திற்குச் செனட் சபை இளைஞர் திட்டம் என்று பெயர். 1962ஆம் ஆண்டில் செனட் சபை நிறைவேற்றிய தீர்மானம் ஒன்றினால் இது தோன்றியது.

104 என்னும் எண் எங்ஙனம் வந்தது? அமெரிக்காவில் மாநிலங்கள் ஐம்பது. ஒவ்வொரு மாநிலமும், பெரிதாயினும் சிறிதாயினும், செனட் சபைக்கு இரண்டு உறுப்பினரையே அனுப்பும். அம்முறையையே இத்திட்டமும் பின்பற்றுகின்றது. மாநிலத்திற்கு இருவர் வீதம் நூற்றுவர். தலைநகர்ப் பகுதியிலிருந்து இருவர். கடல் கடந்த படைத்தளங்களில் பணிபுரிவோரின் பிள்ளைகள் பயிலும் பள்ளிகளிலிருந்து இருவர். 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி கலிபோர்னியாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 3 கோடியே 95 லட்சம். வயோமிங்கின் மக்கள்தொகையோ 6 லட்சத்திற்கும் குறைவு. ஆயினும் இரண்டிற்கும் இடங்கள் இரண்டே. கலிபோர்னிய மாணவனுக்கு இது சற்றே கடுமையான ஏற்பாடுதான். எனினும், மாநிலங்கள் யாவும் சமம் என்னும் கொள்கையின்மீது செனட் சபையே நிற்கின்றதாதலின், அதன் பெயர் தாங்கிய திட்டம் வேறு வழியிற் செல்ல இயலாது.

விண்ணப்பிக்கும் மாணவர் நல்ல மதிப்பெண் பெற்றிருத்தல் மட்டும் போதாது. மாணவர் மன்றத்திலோ, பொதுத்தொண்டு புரியும் அமைப்பிலோ, தேர்ந்தெடுக்கப்பெற்ற அல்லது அமர்த்தப்பெற்ற பொறுப்பு ஒன்றினை அவர் அவ்வாண்டில் வகித்து வரவேண்டும். பிறர் தம்மீது வைத்த நம்பிக்கையைச் சுமந்து பழகியவரையே இத்திட்டம் நாடுகின்றது. பள்ளித் தலைமையாசிரியர் பெயரைப் பரிந்துரைப்பார். மாநிலக் கல்வித்துறை தேர்ந்தெடுக்கும்.

தேர்ந்தோர் ஒரு வாரம் வாஷிங்டனில் தங்குவர். செனட் உறுப்பினர்கள், அமைச்சர்கள், உச்ச நீதிமன்ற நீதிபதி ஆகியோர் உரையாற்றுவர். பெரும்பாலான ஆண்டுகளில் குடியரசுத் தலைவரும் அவர்களைச் சந்திப்பதுண்டு. மாணவர் வாய்மூடிக் கேட்டிருப்பதில்லை, வினாக்களை எழுப்புவர். படைத்துறை அதிகாரிகள் அவ்வாரம் முழுவதும் அவர்களுடன் தங்கி வழிகாட்டுவர். கொள்ளைநோய் பரவியிருந்த 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் மட்டும் இந்நிகழ்ச்சி நேரிற் கூடாது, கணினி வாயிலாகவே நடைபெற்றது.

ஒவ்வொருவருக்கும் கல்லூரிப் படிப்பிற்கென 10,000 டாலர் உபகாரச் சம்பளமும் அளிக்கப்படுகின்றது. இப்பணம் அரசாங்கக் கருவூலத்திலிருந்து வருவதன்று. பத்திரிகை உலகில் பெருஞ்செல்வம் ஈட்டிய வில்லியம் ராண்டால்ப் ஹெர்ஸ்ட் என்பவரின் பெயரால் அமைந்த அறநிலையங்களே பயணச் செலவு முதலாக அனைத்தையும் ஏற்கின்றன. செனட் சபையின் பெயரும், தனியார் அறத்தின் பொருளும் இங்ஙனம் ஒன்று சேர்ந்துள்ளன. மக்கள் வரிப்பணத்தில் ஒரு காசும் செலவாவதில்லை என்பது இதன் ஆதரவாளர் பெருமையாகக் கூறும் செய்தி.

ஒரு வாரத்தில் என்ன விளைந்துவிடும் என்று ஐயுறுவோர் சூசன் காலின்ஸ் என்பாரின் வரலாற்றை அறிதல் வேண்டும். மெயின் மாநிலத்தின் வடகோடியில், உருளைக்கிழங்கு விளையும் நாட்டுப்புறத்தில் உள்ள காரிபூ என்னும் சிற்றூர் அவருடையது. 1971ஆம் ஆண்டில், தம் பதினெட்டாம் வயதில், அவர் இத்திட்டத்தின் வழியே வாஷிங்டன் சென்றார். அந்நாளில் செனட் சபையின் நூறு உறுப்பினருள் பெண் ஒருவரே. அவர் மெயின் மாநிலத்தவரான மார்கரெட் சேஸ் ஸ்மித். அச்சத்தால் பலர் வாய்திறவாதிருந்த 1950ஆம் ஆண்டில், ஆதாரமின்றிப் பிறர்மீது பழிசுமத்தும் போக்கினைச் சபையிலேயே கண்டித்துப் பேசியவர். அம்மூதாட்டி பள்ளிச் சிறுமியைத் தம் அறைக்குள் அழைத்து, ஏறக்குறைய இரண்டு மணி நேரம் உரையாடினார். பெண்ணொருத்தியும் இவ்விடத்தில் அமரலாம் என்னும் எண்ணம் காலின்ஸின் உள்ளத்தில் அன்று வேர்கொண்டது.

ஸ்மித் 1972ஆம் ஆண்டுத் தேர்தலில் தோல்வியுற்றார். அவ்விடத்தில் வேறு இருவர் ஒருவர்பின் ஒருவராக அமர்ந்து சென்றனர். 1996ஆம் ஆண்டுத் தேர்தலில் வெற்றிபெற்ற காலின்ஸ், 1997ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அதே இடத்திற்கு உறுப்பினராக வந்தார். இத்திட்டத்தில் பங்குகொண்ட மாணவருள் செனட் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்ற முதல்வர் அவரே.